சேப்பாக்கத்தில் கடைசிப் பந்து வரை

ஐ.பி.எல். இரவு ஆட்டம் பதினேழாவது ஓவரை முடித்ததும் சேப்பாக்கம் மைதானத்தில் நாற்காலிகள் காலியாகத் தொடங்கும். கைக்குழந்தையோடு வந்தவர்கள் முதலில் எழுவார்கள். பின்னாலேயே வேளச்சேரிக்கும் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் போக வேண்டியவர்கள். மூன்று ஓவரில் முப்பத்தைந்து ரன் வேண்டும், களத்தில் அடிக்கக்கூடிய ஆள் நிற்கிறார், ஆட்டம் எந்தப் பக்கமும் சாயலாம். ஆனாலும் போகிறார்கள். ரயில் போய்விடும் என்ற பயம்தான் காரணம்.

1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட், ஐந்தாம் நாளின் கடைசி ஓவரில் இதே மைதானத்தில் இரு அணிக்கும் சம ரன்னாக முடிந்து டை ஆனது. டெஸ்ட் வரலாற்றிலேயே அது இரண்டாவது டை. 1999 ஜனவரியில் பாகிஸ்தான் 12 ரன் வித்தியாசத்தில் வென்றபோது, தோற்ற வருத்தத்தோடு அரங்கம் எழுந்து நின்று கைதட்டியதும் இங்கேதான். இரண்டையும் பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள் கடைசி வரை உட்கார்ந்திருந்தவர்கள். அப்படி உட்கார வேண்டுமானால், வீட்டுக்குத் திரும்பும் வழியை டிக்கெட் எடுக்கும் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும். எந்த ஸ்டாண்ட், எப்போது கிளம்புவது, என்ன சாப்பிடுவது எல்லாவற்றையும் அதற்குப் பிறகு யோசித்தால் போதும்.

கணக்கு இப்படி வரும். இரவு 7.30 மணி ஆட்டம் சாதாரணமாக 11.15, 11.30 மணிக்கு முடியும். பந்து வீசுவதில் தாமதம், சூப்பர் ஓவர், மழை என்றால் இன்னும் இழுக்கும். இருக்கையிலிருந்து கேட்டைத் தாண்டி சாலைக்கு வரக் கால் மணி நேரம். அங்கிருந்து எந்த நிலையத்துக்கும் கூட்டத்தோடு நடக்க இன்னொரு கால் மணி, இருபது நிமிடம். ஆக, நள்ளிரவுக்குச் சற்று முன்புதான் நடைமேடையில் நிற்பீர்கள். வழக்கமான கால அட்டவணைப்படி அந்த நேரத்தில் மெட்ரோவும் மேம்பாலப் பாதையில் ஓடும் பறக்கும் ரயிலும் முடிந்திருக்கும். ஆட்ட நாளில் நேர நீட்டிப்பும் சிறப்பு ரயிலும் அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பு வந்திருக்கிறதா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, எந்த நிலையத்திலிருந்து என்ற மூன்றையும் அன்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். போன மேட்சுக்கு விட்டார்களே, இதற்கும் விடுவார்கள் என்று நம்பிப் போகக் கூடாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அறிவிப்பு தனித்தனி.

3.30 மணி ஆட்டத்துக்கு இந்தத் தலைவலியே இல்லை. ஏழரைக்குள் முடிந்துவிடும், எல்லா வண்டியும் ஓடும். அதற்கு வெயிலில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பறக்கும் ரயிலின் சேப்பாக்கம் நிலையம் மைதானத்தை ஒட்டியே, கிழக்கே பக்கிங்காம் கால்வாய்க் கரையில் நிற்கிறது. வருவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. திரும்பும்போது அதே நிலையம்தான் சிக்கல். பாதி மைதானம் அந்தப் படிக்கட்டில் ஏற முயலும். நிலையம் உயரத்தில் இருப்பதால் படிக்கட்டிலேயே கூட்டம் தேங்கி நின்றுவிடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. நீங்கள் ஏற வேண்டிய வண்டி சேப்பாக்கத்துக்கு வரும் முன் நிற்கும் நிலையத்துக்கு நடந்து, கூட்டம் ஏறுவதற்கு முன்பே வண்டியில் ஏறிவிடுவது. கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி நோக்கி வரும் வண்டி கோட்டை, பூங்கா நகர், சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி என்ற வரிசையில் நிற்கும். மயிலாப்பூர், திருவான்மியூர், வேளச்சேரி போகிறவர்கள் வாலாஜா சாலை வழியாக மேற்கே அண்ணா சாலைக்கு நடந்து சிந்தாதிரிப்பேட்டையில் ஏறினால் உட்காரவே இடம் கிடைக்கக்கூடும். அடுத்த நிறுத்தத்தில் சேப்பாக்கம் கூட்டம் ஏறும்போது நீங்கள் உள்ளே இருப்பீர்கள். பூங்கா நகரில் இறங்கி எதிரே பூங்கா நிலையத்தில் தாம்பரம் வண்டியையோ, சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் வளாகத்தில் ஆவடி, அரக்கோணம் வண்டியையோ பிடிக்க வேண்டியவர்களுக்கு நேர் எதிர். அவர்கள் பெல்ஸ் சாலை வழியாகத் தெற்கே நடந்து திருவல்லிக்கேணி நிலையத்தில் ஏற வேண்டும்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வேளச்சேரி போகிறவர், சேப்பாக்கத்தில் கூட்டம் என்று திருவல்லிக்கேணிக்கு நடப்பார். அங்கே வண்டி வரும்போது கதவில் தொங்கிக்கொண்டு வரும். ஏற முடியாது. நடந்ததும் வீண், வண்டியும் போச்சு. எந்த நிலையம் என்பதைத் தூரத்தை வைத்து முடிவு செய்யாமல், வண்டி எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். திரும்பும் டிக்கெட்டைப் போகும்போதே எடுத்து வைப்பது இன்னும் நல்லது. நடந்து போய்ச் சேரும் நிலையம் எதுவோ, அங்கிருந்துதான் டிக்கெட் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மெட்ரோவுக்கு அருகிலிருக்கும் நிலையம் அரசினர் தோட்டம். வாலாஜா சாலையில் நேராக அண்ணா சாலை நோக்கி நடந்தால் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். நீல வழித்தடம் என்பதால் விமான நிலையம், கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, அந்தப் பக்கம் வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் நேரடி. அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி போகிறவர்கள் ஒரே நிறுத்தம் போய் சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். நேர நீட்டிப்பு அறிவிப்பில் பச்சை வழித்தடத்தின் கடைசி இணைப்பு வண்டி எப்போது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நீல வழித்தடத்தில் ஏறிவிட்டாலே போதும் என்று நினைத்துப் போகிறவர்கள் சென்ட்ரலில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டி வரும். கடந்த சில ஐ.பி.எல். சீசன்களில் மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோ பயணம் இலவசம் என்று வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு சீசனுக்கும் அதைப் புதிதாகத்தான் முடிவு செய்கிறார்கள். டிக்கெட்டின் பின்னாலோ ஆப்பிலோ அச்சிட்டிருந்தால்தான் செல்லும். மெட்ரோவிலும் பஸ்ஸிலும் பயன்படும் சிங்காரச் சென்னை அட்டையில் நூறு ரூபாய் போட்டு வைத்திருப்பது எந்தக் குழப்பத்திலும் கைகொடுக்கும். கவுண்டரில் நிற்க வேண்டாம், நெட்வொர்க்கும் தேவையில்லை. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூ.ஆர். எடுக்கலாம். மைதானத்துக்குள் போவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். உள்ளே ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே கோபுரத்தை இழுக்கும்போது பக்கம் திறக்கவே திறக்காது.

பஸ் என்றால் அண்ணா சதுக்கம். மெரினா பக்கம் நடந்து போனால் அங்கிருந்தே வண்டிகள் புறப்படும், உட்கார இடம் கிடைக்கும். பகல் ஆட்டத்துக்கு அருமையான வழி. இரவு பதினொன்றரைக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

பைக்கில் வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்துவதைவிட ஹெல்மெட்தான் பெரிய பிரச்சினை. உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டில் வாங்கி வைக்கவும் ஆள் கிடையாது. வண்டியிலேயே பூட்டி வைக்க ஒரு கேபிள் பூட்டு வேண்டும். ஹெல்மெட்டின் தாடைப் பகுதி வழியாகவோ, அரை ஹெல்மெட்டானால் வார் வளையம் வழியாகவோ கேபிளை விட்டு வண்டியின் பின் கம்பியில் பூட்டலாம். இருக்கைக்கு அடியில் கொக்கி இருக்கும் வண்டியானால் அதுவே போதும். ஆட்ட நாளில் பெல்ஸ் சாலை, வாலாஜா சாலை, விக்டோரியா விடுதிச் சாலை மூன்றிலும் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். பாஸ் இல்லாத வண்டியைக் கிட்டவே விடமாட்டார்கள். திருவல்லிக்கேணிச் சந்துகளில் யார் வீட்டு வாசலிலாவது நிறுத்திவிட்டு ஓடுவது அங்கே குடியிருப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஒவ்வொரு மேட்சுக்கும் அவர்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே சிறைப்பட்டுக் கிடக்கிறார்கள். மெட்ரோ நிலைய வாகன நிறுத்தத்தில் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் வருவதுதான் எல்லோருக்கும் நல்லது.

ஆப் ஆட்டோவை மைதான வாசலில் நின்றுகொண்டு புக் செய்தால் ஓட்டுநர் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு கேன்சல் செய்வார். அவர்மீது கோபப்பட்டுப் பயனில்லை, அவரால் உள்ளே வர முடியாது. அண்ணா சாலையைத் தாண்டியோ, ராயப்பேட்டைப் பக்கமோ நடந்து போய், ஏறும் இடத்தை அங்கே வைத்துப் புக் செய்தால் ஐந்து நிமிடத்தில் வண்டி வந்துவிடும்.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, மெரினாவில் விமானப் படையின் சாகச நிகழ்ச்சி. காலை பதினொரு மணிக்குத் தொடங்கிய நிகழ்ச்சிக்கு எட்டு மணியிலிருந்தே மக்கள் மணலில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு மணிக்கு முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அப்போது நான்காவது ரயில் பாதைப் பணிக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வண்டிகள் சிந்தாதிரிப்பேட்டைக்கும் வேளச்சேரிக்கும் இடையில் மட்டும் ஓடின, அதுவும் ஞாயிறு அட்டவணைப்படி. நிலையங்கள் திணறின. பஸ் நகரவில்லை. உச்சி வெயிலில் தண்ணீர் இல்லாமல் நடந்தவர்கள் மயங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் மாண்டார்கள். கொண்டாட வந்தவர்கள் வீடு திரும்பவில்லை என்ற செய்தியைப் படிக்கும்போது மனம் கொதிக்கிறது. பெரிய ஏற்பாடுகளைச் செய்ய வேண்டியது அரசும் அமைப்பாளர்களும்தான், அதில் சந்தேகமில்லை. நம் கையில் இருப்பது இரண்டு. முடிந்த உடனே கேட்டை நோக்கிப் பாயாமல் இருபது நிமிடம் இருக்கையிலேயே இருப்பது. கூட்டம் முன்னும் நகராமல் பின்னும் நகராமல் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தால், எதிர்த்துத் தள்ளாமல் ஓரம் நோக்கிக் குறுக்கே நகர்வது. அந்த நேரத்தில் கைகள் மார்புக்கு முன்னால் மடங்கி இருக்கட்டும், மூச்சுக்கு அந்த இடைவெளி வேண்டும். கீழே விழுந்த போனை எடுக்கக் குனியவே கூடாது.

வெயிலுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 1986 டெஸ்டில் 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டார். அது செப்டம்பர் வெயில். ஏப்ரல், மே இன்னும் கடுமை. ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழலே விழாத நாள் வருவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் மைதானக் கூரை நன்றாகக் காக்கும். ஆனால் ஆட்டம் தொடங்கும் மூன்றரைக்குச் சூரியன் மேற்கே இறங்கியிருக்கும். நான்கரை, ஐந்துக்கெல்லாம் கூரைக்கு அடியில் புகுந்து முகத்திலேயே அடிக்கும். அதனால் பகல் ஆட்டத்துக்கு ஸ்டாண்ட் தேர்ந்தெடுக்கும்போது கூரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்தத் திசையைப் பார்த்து உட்காருவோம் என்பதையும் பார்க்க வேண்டும். பெல்ஸ் சாலைக்கு முதுகு காட்டும் மேற்குப் பக்க ஸ்டாண்டில் சூரியன் உங்களுக்குப் பின்னால் இறங்கும், நிழல் சீக்கிரம் வரும். ரயில் பாதைப் பக்கத்துக் கிழக்கு ஸ்டாண்டில் மேற்கே பார்த்து உட்கார வேண்டும். மாலை நெடுநேரம் வெயில் கண்ணில்தான். ஒரே விலையில் இரண்டு பக்கமும் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். முன் வரிசைகள் எந்தப் பக்கமானாலும் கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வீரர்களைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று அதை எடுப்பவர்கள் தொப்பியும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் போட்டுக்கொள்ளட்டும். ஜெர்சி பாலியெஸ்டர் துணி. இந்த ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையை உறிஞ்சாமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் மஞ்சள் பருத்திச் சட்டையே போடலாம்.

குடை, பாட்டில் இரண்டுக்கும் அனுமதி கிடையாது. உள்ளே தண்ணீர் கிடைக்கும், ஆனால் இன்னிங்ஸ் இடைவேளையில் வரிசை நீளும். நான்காவது, ஐந்தாவது ஓவர் வாக்கில் போய்க் குடித்துவிட்டு வந்தால் நெரிசல் இல்லை. கிளம்பும் முன் வீட்டிலேயே இரண்டு டம்ளர் உப்புப் போட்ட மோரோ, எலுமிச்சைச் சாறோ குடித்துவிட வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது, தலைவலி அப்படியே நிற்கும். தலை சுற்றுகிறது, வியர்வை நின்றுவிட்டது, பேச்சு குழறுகிறது என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், கழுத்திலும் அக்குளிலும் நீர் ஊற்றி, மருத்துவ உதவி மையத்தைக் கூப்பிட வேண்டும். அந்த மையம் எங்கே என்று உள்ளே நுழையும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு உள்ளே கொடுக்கும் காசில் வெளியே இருவர் நிறைவாகச் சாப்பிடலாம். திருவல்லிக்கேணி பக்கத்தில் இருக்கும்போது பாப்கார்ன் எதற்கு? ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி, அசைவம் என்றால் மைதானத்துக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கும் நாயர் மெஸ்ஸில் மீன் வறுவலோடு மதியச் சாப்பாடு. ஆட்ட நாளில் கூட்டம் இருக்கும், டாஸுக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விட வேண்டும்.

டிக்கெட் விற்பனை இப்போது பெரும்பாலும் ஆன்லைனில்தான். கணக்கைத் திறந்து, போன் எண்ணைச் சரிபார்த்து, பணம் கட்டும் வழியைப் பதிந்து வைப்பதெல்லாம் முந்தைய நாள் வேலை. விற்பனை தொடங்கியதும் வரிசை எண் கொடுக்கும் பக்கத்தைத் திரும்பத் திரும்ப ரிஃப்ரெஷ் செய்தால் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படலாம். இரண்டு ஸ்டாண்டுகளை முன்பே தீர்மானித்து வைத்திருந்தால் உள்ளே நுழைந்ததும் தடுமாற வேண்டாம். கிடைக்கவில்லை என்றால் பிளாக்கில் வாங்க ஓடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை நான்கு பேருக்கு விற்பது வழக்கமான மோசடி. பார்கோடு ஒரு முறைதான் படிக்கும், முதலில் நுழைந்தவருக்குத்தான் இடம். மற்ற மூவரும் பணமும் கொடுத்துவிட்டு கேட்டில் கெஞ்சிக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொரு மேட்சிலும் அந்தக் காட்சி மனதைப் பிசைகிறது.

கேட்டில் பவர் பேங்க், சில்லறைக் காசு, சென்ட், லைட்டர், பை எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுவிடுவார்கள், திரும்பக் கிடைக்காது. பவர் பேங்க் கிடையாது என்பதால் போனை நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு, உள்ளே போனதும் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். சிக்னல் தேடித் தேடியே பாட்டரி தீர்ந்துவிடும். டிக்கெட் பக்கத்தை ஸ்டேஷனில் இறங்கியதுமே திறந்து வைத்து, ஸ்கேனரில் காட்டும்போது வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினால் வரிசை நிற்காது. யு.பி.ஐ. உள்ளே பாதி நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

இந்த அலைச்சல் எதுவும் வேண்டாம், கிரிக்கெட் மட்டும் போதும் என்பவர்கள் டெஸ்டுக்கு வாருங்கள். இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1952 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராகப் பெற்றது சேப்பாக்கத்தில்தான். காலை 9.30க்குத் தொடங்கி மாலையில் முடியும், எல்லா ரயிலும் ஓடும், வார நாளில் நல்ல இடமும் கிடைக்கும். இங்கே செம்மண் ஆடுகளமும் உண்டு, கரிசல் மண் ஆடுகளமும் உண்டு. செம்மண்ணில் பந்து எழும்பும், வேகப்பந்து வீச்சாளருக்கும் வேலை இருக்கும். கரிசலில் பந்து தாழ்ந்து, மெல்ல வந்து திரும்பும். 2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா ஆறு விக்கெட்டுக்கு 144 என்று தவித்தபோது மேற்கு மாம்பலத்துப் பிள்ளை அஸ்வின் 113 அடித்து, இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டும் எடுத்தார். அது செம்மண் ஆடுகளம். சுழல் பார்க்க வேண்டுமானால் பந்து வீச்சாளருக்கு நேர் பின்னால் இருக்கும் ஸ்டாண்டில் உயரத்தில் உட்காருங்கள். பந்து காற்றில் நகர்வதும் தரையில் பட்டுத் திரும்புவதும் தனித்தனியாகத் தெரியும். பக்கவாட்டில் இருந்தால் வேகமும் எகிறலும் தெரியும், திருப்பம் தெரியாது. மாநில அணிகள் மோதும் ரஞ்சி ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் கட்டணம்கூடக் கிடையாது. அன்று எந்த கேட் திறந்திருக்கிறது என்று காவலரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போகலாம். 1934 நவம்பரில் ரஞ்சியின் முதல் ஆட்டமே மெட்ராஸும் மைசூரும் இங்கே ஆடியதுதான். பிள்ளைகளுக்கு முதன்முதலில் மைதானத்தைக் காட்ட அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

பிள்ளைகளை ஐ.பி.எல்.லுக்கே அழைத்துப் போவதானால் சட்டைப் பையில் பெற்றோர் போன் எண்ணை எழுதி வைப்பதோடு நிறுத்தக் கூடாது, ஆட்டம் முடிந்த அந்த அரை மணி நேரம் போன் எடுக்காது. பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று ஓர் இடத்தைக் காட்டி வைக்க வேண்டும். கேட் வாசல் வேண்டாம், அங்கே யாரையும் நிற்க விடமாட்டார்கள். வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்க வாசல் போல, கூட்டம் கொஞ்சம் பரவிய பிறகு வரும், வெளிச்சமுள்ள, யாரைக் கேட்டாலும் வழி சொல்லும் இடமாக இருக்கட்டும். உள்ளே போகும் முன் பிள்ளையை அந்த வழியாகவே நடத்திக் கூட்டிப்போய், வாசலை விரலால் காட்டிவிட்டுப் போங்கள்.